மலை ஏறினால் மூன்று பேர்

இளைத்துப்போன தன்னை முதன்முதலாக முழு உருவத்தில் பார்த்தபோது, மலை வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

அது ஒரு துணிக்கடையின் லிஃப்ட். உள்ளே எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. கதவு திறந்ததும் தொளதொளத்த சட்டையும் ஒட்டிப்போன கன்னமுமாக ஒரு ஆள் டூல்ஸ் பெட்டியோடு நிற்பது தெரிந்தது. "நீங்க முதல்ல வாங்க சார்," என்றான் மலை. அந்த ஆளும் வாயை அசைத்தான், அவனும் ஒதுங்கினான். அது தன் பிம்பம்தான் என்று புரிய மலைக்குச் சற்று நேரமாயிற்று. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பின்னால் நின்ற கூட்டாளி கிரீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இருவருமே லிஃப்ட் மெக்கானிக்குகள். மலைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கம்பெனியில் மலை என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. நூற்று எழுபது கிலோ ஆளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? கிரீஸ் அவனுக்கு ஜோடி. வயதில் பத்து வருஷம் சின்னவன், ஒல்லிக்குச்சி, வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

மலையின் எடையில் கம்பெனிக்கு ஒரு லாபம் இருந்தது. லிஃப்டில் அளவுக்கு மேல் ஆள் ஏறினால் மணி அடிக்கும், கதவு மூடாது, யாராவது இறங்கியாக வேண்டும். எவ்வளவு பாரத்துக்கு அந்த மணி அடிக்க வேண்டும் என்பதை மெக்கானிக்தான் செட் செய்து வைக்க வேண்டும். அதற்கென்று கிடங்கில் இருபது கிலோ இரும்புக் கட்டிகள் இருக்கின்றன. அவற்றை வண்டியில் ஏற்றி, இறக்கி, ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து லிஃப்டுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அதனால் இவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். ஆறு பேர் லிஃப்டா? வாட்ச்மேன், பெருக்குகிற அம்மா, கிரீஸ் என்று மூன்று பேரை உள்ளே நிற்க வை. மலை தன் டூல்ஸ் பெட்டியோடு ஏறினால் அது மூன்று பேர் கணக்கு. "மூணும் மூணும் ஆறு, செட் பண்ணிக்கோண்ணே!" என்று கிரீஸ் குரல் கொடுப்பான். இரும்புக் கட்டி இல்லாமல் செட் செய்தால் வேலை போய்விடும் என்று கம்பெனியில் சட்டம் உண்டு. சட்டம் பாட்டுக்குச் சட்டம், வேலை பாட்டுக்கு வேலை.

அந்த எடையே ஒரு நாள் அவனுக்கு எமனாக வந்தது. மொட்டைமாடிக்கு மேல் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏணி ஏறி, ஒரு சின்னத் தரைக்கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். திரும்பி இறங்கும்போது இடுப்போடு மாட்டிக்கொண்டான். கால்கள் ஏணியில், தலை மெஷினுக்குப் பக்கத்தில், நடுவில் மனுஷன் மூச்சுத் திணறுகிறான். ஒரு டப்பா கிரீஸை அவன் இடுப்பைச் சுற்றித் தடவித்தான் ஜோடிக்காரன் உருவி எடுத்தான். கிரீஸுக்கு அந்தப் பெயர் வந்த கதையும் அதுதான். மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை மாட்டினா உன்னை ஆபீஸ்ல ஃபோன் எடுக்க உக்கார வெச்சிடுவேன்," என்றார். மலைக்குத் தெரிந்தது லிஃப்ட் ஒன்றுதான். கயிறு ஓடும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுகிறவனை நாற்காலியில் உட்கார வைப்பதா?

அப்படித்தான் ஆபரேஷனுக்குப் போனான். வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சர்வசாதாரணமாகச் சொன்னார். மீதி வயிறு எவ்வளவு இருக்கும் என்று மலை கேட்டதற்கு, மேஜை மேல் கிடந்த ஒரு வாழைப்பழத்தைக் காட்டினார். மலை அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்நாளில் ஒரு பழத்தைப் பார்த்து அவன் பயந்தது அன்றைக்குத்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஈரலைச் சுருக்க வேண்டும் என்று இரண்டு வாரத்துக்கு வெறும் நீர் ஆகாரம். அவனுடைய மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். காலையில் கடைக்குப் போகும் முன் ஒரு ஃபிளாஸ்க் நிறைய வடிகட்டின சூப்பும், மருந்துக் குப்பியோடு வந்த குட்டி பிளாஸ்டிக் கப்பும் எடுத்து வைப்பாள். அந்தக் கப்பில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக உறிஞ்ச வேண்டும். இப்போதே பழகிக்கொண்டால்தான் பிறகு தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். "குருவிக்குத் தண்ணி வெக்கிற மாதிரி இருக்கு," என்று அவன் முனகினான். "குருவி முனகாது, குடிங்க," என்றாள் அவள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக அதிர்ச்சி. எடை சரசரவென்று இறங்கியது. தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. மரப் பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு குத்தியது, இத்தனை நாள் இந்த எலும்பெல்லாம் எங்கே இருந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை. வெயில் நேரத்திலும் குளிரெடுத்தது. ஆபீஸில் யாரோ கொடுத்த கேக்கை ஆசைக்கு ஒரு துண்டு வாயில் போட்டு, இனிப்பு ஒத்துக்கொள்ளாமல் படபடப்பும் வியர்வையுமாக மாடிப்படியில் படுத்துவிட்டான். குறட்டைச் சத்தம் நின்றுபோனதில் மனைவி தூக்கம் கெட்டு, அவன் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். மகள் வந்து கட்டிப்பிடித்தபோது அவளுடைய இரண்டு கைகளும் முதன்முறையாக அவன் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அவள் ஏனோ அழுதுவிட்டாள். அவனும்தான்.

நல்லதும் இல்லாமல் இல்லை. முழங்கால் வலி ஓடிப்போயிற்று. அந்தத் தரைக்கதவில் இடுப்பு இடிக்காமல் ஏறி இறங்கினான். ஆனாலும் வாசல்படியில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பியேதான் நுழைந்தான். நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்க்காமல் உட்கார மாட்டான். "உடம்பு இளைச்சது மனசுக்குத் தெரிய இன்னும் நாளாகும், அது வரைக்கும் கொஞ்சம் கவனமா இருங்க," என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மா எச்சரித்திருந்தார். கண்ணாடியைப் பார்த்துப் பயப்படுவதைத்தான் சொல்கிறார் என்று மலை நினைத்துக்கொண்டான். அது வேறு இடத்தில் போய் வெடிக்கும் என்று யார் கண்டது?

ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் மேனேஜரிடமிருந்து ஃபோன் வந்தது. ஆறு பேர் போகக்கூடிய சின்ன லிஃப்ட். இரண்டு மாதங்களுக்கு முன்னால்தான் மலையும் கிரீஸும் போய் அதற்குப் புது மணி மாட்டி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். "லிஃப்ட்ல ஒண்ணும் கோளாறு இல்லைங்க," என்றார் மேனேஜர். "இங்க வேலை பாக்கிற ஒரு பொண்ணு கொஞ்சம் கனம். அது ஏறினாலே மணி அடிச்சிடுது. எல்லாருக்கும் லேட்டாகுது. கனமானவங்க படியில போகணும்னு உங்க கம்பெனி பேர் போட்டு ஒரு போர்டு மாட்டிக் குடுத்தீங்கன்னா, நாங்க சொன்னதா இருக்காது பாருங்க." எவ்வளவு நாசூக்கு!

அந்த மாதிரி போர்டுகளை மலை மாட்டியிருக்கிறான். அதனால் பெரிதாக யோசிக்காமல் கிரீஸைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான்.

காலையில் எல்லோரும் வேலைக்கு வரும் நேரம். கிரீஸ் வண்டியை நிறுத்தப் போனான். மலை பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, வெறும் கையோடு லிஃப்டில் ஏறினான். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர். பழக்கதோஷத்தில் அவன் மூலையில் போய் ஒடுங்கி நின்றான். கதவு மூடப் போகும் நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உடம்பு. தோளில் ஒரு பை, மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் வெள்ளை மாவுத்தூள். லிஃப்டின் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். பிறகு வலது காலை மெதுவாக உள்ளே வைத்தாள், இடது காலை அதைவிட மெதுவாக.

மணி அடித்தது.

உள்ளே இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சட்டென்று பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். "நீங்க போங்க, எனக்கு ஒரு ஃபோன் பேசணும்," என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு இறங்கினாள். கதவு மூடியது.

மலைக்கு யாரோ பிடரியில் அடித்தது போலிருந்தது. அந்த வாக்கியம் அவனுடையது. இருபது வருஷமாக, சொந்த வேலையாகப் போன ஒவ்வொரு கட்டடத்திலும், மணி அடித்ததும் அவன் சொன்ன பொய் அது. சிரிப்பு உட்பட, ஃபோனைக் காதில் வைக்கும் வேகம் உட்பட எல்லாமே அவனுடையது. யாரோ திருடிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்துவிட்டதைப் போல இருந்தது.

லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவன் தலைகளை எண்ணினான். இவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன். அவள் ஒருத்தி. மொத்தம் நாலே பேர். அவளை இரண்டு ஆளாகவே வைத்தாலும் ஐந்துதானே? ஆறு பேர் லிஃப்ட் எதற்கு அடிக்கிறது?

மணி மாட்டின அன்றைக்கு உள்ளே நின்றது யார் யார்? வாட்ச்மேன், பெருக்குகிற அம்மா, கிரீஸ். அப்புறம் பெட்டியோடு மலை. "மூணும் மூணும் ஆறு, செட் பண்ணிக்கோண்ணே!" என்று கிரீஸ் கத்தினான். இவனும் செட் பண்ணினான். அப்போதே இவன் தொண்ணூற்றைந்து கிலோவுக்கு இறங்கியிருந்தான். மூன்று ஆள் இல்லை, பெட்டியோடு சேர்த்தால்கூட இரண்டு ஆள் தேறாது, ஆக ஐந்து ஆள் பாரத்துக்கு முன்பே மணி அடிக்கிறது. அத்தனை வாட்டி தராசில் ஏறி இறங்கினவனுக்கு, பக்கத்திலேயே நின்ற கிரீஸுக்கு, ஒருவருக்குமே அது உறைக்கவில்லை.

ஐந்தாவது மாடியில் இறங்கியவன் நேரே படிக்கட்டுக்குப் போனான். கீழேயிருந்து மூச்சிரைக்க ஏறி வந்த கிரீஸைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னான். கிரீஸ் படிக்கட்டில் மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தான்.

"அண்ணே, சத்தம் போடாதே. சீக்கிரமா அடிக்கிற மணியால யாருக்கும் ஆபத்து இல்ல. மத்தியானம் கூட்டம் இல்லாதப்போ நான் ஏறி சரி பண்ணிடறேன். வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். இந்த வேலைக்காகத்தானே நீ வயித்தையே வெட்டிக்கிட்ட?"

கிரீஸ் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் மலைக்கு இன்னும் பயமாக இருந்தது. மெதுவாகப் படியிறங்கினான்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மறு கையில் எதையோ பிடித்திருந்தாள். ஆள் வருவதைக் கண்டதும் அதை மறைக்கப் பார்த்தாள். மலை அதற்குள் பார்த்துவிட்டான். பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க். கையில் மருந்துக் குப்பியின் குட்டி பிளாஸ்டிக் கப்.

"எப்போ ஆபரேஷன்?" என்று கேட்டுவிட்டான்.

அவள் திகைத்துப்போனாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அந்தக் கப்புல குடிச்சவன்தான்."

முன்பின் தெரியாத ஆளிடம்தான் சில விஷயங்களைச் சொல்ல முடியும் போலிருக்கிறது. மேல் மாடியில் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை என்றாள். அவள் மெழுகில் பல் வரிசை கட்டினால் கடித்துப் பார்க்கவே வேண்டாம், அவ்வளவு கச்சிதம் என்று முதலாளியே சொல்வாராம். இந்த உடம்போடுதான் இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறாள், ஒரு தொந்தரவும் இல்லை. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. முழங்கால் வலிகூடப் படியேற ஆரம்பித்த பிறகுதான் வந்தது. இப்போது கொஞ்ச நாளாகத்தான் இந்த லிஃப்ட் தொல்லை.

"தினமும் அடிக்குது சார். முன்னாடி யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. இப்போ நான் வர்றதைப் பாத்தாலே கதவை மூடற பட்டனை அமுக்கறாங்க. முதலாளி அரை மணி நேரம் முன்னாடியே வந்துடும்மான்னு சொல்லிட்டாரு. ஒரு நாள் வீட்டுக்குப் போய் கண்ணாடி முன்னாடி நின்னேன். மெஷின் பொய் சொல்லாதில்ல? நமக்குத் தெரியாமலே ஊதிட்டே போறோம்னு தோணிச்சு. அடுத்த திங்கக்கிழமை ஆபரேஷன்."

மலை பக்கத்துப் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். தன் கண்ணெதிரே ஒரு பெண், அவன் திருகின ஒரு திருகாணியை நம்பி, தன் வயிற்றை அறுக்கக் கொடுக்கப் போகிறாள். அந்த வாழைப்பழம் கண் முன்னால் வந்து நின்றது. வேலை, சூப்பர்வைசர், ஆபீஸ் நாற்காலி எல்லாம் ஒரு பக்கம் நினைவுக்கு வந்தன. வந்த வேகத்திலேயே போய்விட்டன.

"மெஷின் பொய் சொல்லுதும்மா," என்றான். "சொல்ல வெச்சது நான்."

எல்லாவற்றையும் சொன்னான். நூற்று எழுபது கிலோவையும் சொன்னான், மூன்று ஆள் கணக்கையும் சொன்னான், இரும்புக் கட்டி தூக்கச் சோம்பல்பட்டதையும் சொன்னான். அவள் கப்பில் மீதியிருந்த சூப்பைத் திரும்பவும் ஃபிளாஸ்கில் ஊற்றி மூடினாள்.

பிறகு கேட்டாள். "நூத்தி எழுபதா?"

"ஆமாம்மா."

"அப்போ இந்த மணி சத்தம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும், இப்போ லிஃப்ட்ல மணி அடிச்சப்போ நீங்களும் என்னைத்தான் பாத்தீங்க."

உண்மைதான். மணி அடித்த அந்த நொடியில் அவன் மணியைப் பார்க்கவில்லை. லிஃப்டிலேயே பிழைக்கிற மெக்கானிக், மெஷினைப் பார்க்காமல் அவள் இடுப்பைப் பார்த்தான். ஆபரேஷனில் எத்தனையோ போயிற்று, இந்தப் பார்வை எப்போது உள்ளே வந்து உட்கார்ந்தது? ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

கீழே போய் மேனேஜரிடம் எல்லோர் முன்னாலும் சொன்னான். சூப்பர்வைசருக்கு அவனே ஃபோன் போட்டான். அவர், "கட்டியை அனுப்பறேன். முறையா பண்ணிட்டு நாளைக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க. என்ன முடிவுன்னு அப்போ சொல்றேன்," என்று வைத்துவிட்டார். கிரீஸ் தலையில் கைவைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தான். ஆனாலும் வண்டி வந்ததும் முதல் கட்டியை அவன்தான் தூக்கினான்.

இருபது கிலோ இரும்பு லேசுப்பட்டதில்லை. ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து லிஃப்டுக்குள் அடுக்கினார்கள். நான்காவது கட்டியை வைக்கும்போது மலை அப்படியே நின்றுவிட்டான். எண்பது கிலோ. கிட்டத்தட்ட இவ்வளவுதான் அவன் உடம்பிலிருந்து போனது. இதைச் சுமந்துகொண்டா இத்தனை வருஷம் ஏணி ஏறினேன் என்று நினைத்தவன், குனிந்து அந்த இரும்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். பிறகு மீதியையும் அடுக்கி, முறைப்படி ஆறு பேர் பாரத்துக்கு மணியைச் செட் செய்தான்.

சாயங்காலம் வேலை விட்டு எல்லோரும் இறங்கும் நேரத்தில் ஐந்தாவது மாடி லிஃப்ட் வாசலில் பெட்டியோடு நின்றான். நான்கு பேர் உள்ளே ஏறினார்கள். விஷயம் கட்டடம் முழுக்கப் பரவியிருந்ததால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் வந்தாள். விளிம்பில் நின்றாள். மலைக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"டாக்டருக்கு ஃபோன் பண்ணி திங்கக்கிழமை வரலைன்னு சொல்லிட்டேன். பண்ணிக்கவே மாட்டேன்னு சொல்லல. பண்ணிக்கலாம், பண்ணிக்காமலும் போகலாம். ஆனா இனிமேதான் நான் யோசிக்கணும். இது வரைக்கும் யோசிச்சது நான் இல்ல, உங்க மணி."

வலது காலை உள்ளே வைத்தாள். இடது காலையும் வைத்தாள். ஒன்றும் அடிக்கவில்லை. கதவு மூட ஆரம்பித்தது. ஆனாலும் அவள் அசையாமல், தோளை இறுக்கிக்கொண்டு காத்து நின்றாள். கையில் ஃபோன் தயாராக இருந்தது.